விழு, எழு, கைகொடு

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த வருடத்துக் கூட்டம் இன்று மாடியேறி வந்துவிட்டது. இருக்கிற நாற்காலி போதாமல் கீழே கடையிலிருந்து இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். "சாயந்தரம் திரும்பி வரணும். என் கஸ்டமர் நின்னுக்கிட்டு எழுத்து வாசிக்க மாட்டாங்க" என்று படிக்கட்டிலிருந்தே என் கணவரின் குரல். கீழே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. மேலே என் கடை. பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடத் தயார் செய்வது என் தொழில். மார்க் மட்டும் போதாது என்று அந்தக் கல்லூரிகள் சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து என் பிழைப்புக்குக் குறைவில்லை.

வழக்கம்போலப் பலகையில் மூன்று சொல் எழுதினேன். விழு. எழு. கைகொடு. கட்டுரையானாலும் நேர்காணலானாலும் இதுதான் வரிசை. முதலில் உனக்கு என்ன அடி விழுந்தது என்று சொல். அப்புறம் அதிலிருந்து எப்படி எழுந்தாய் என்று சொல். கடைசியில், அதே அடி வாங்கிய இன்னொருவருக்கு நீ என்ன செய்தாய் என்று சொல். பின்வரிசையில் இருந்த வக்கீல் வீட்டுப் பையன் கையைத் தூக்கி, "நான் இன்னும் விழவே இல்லையே மேடம்" என்றான். "கவலைப்படாதே, தேடினா கிடைக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தேடியதில், கால்பந்து ஆடி முட்டி பிசகி ஒரு சீசன் வெளியே உட்கார்ந்திருந்தானாம். போதும், அதையே வைத்துக்கொள்ளலாம்.

என் தங்கை மகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்து வாலு என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம்; இப்போது வெளியாள் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் முறைக்கிறாள். மற்றவர்கள் மேடம் என்று கூப்பிட, இவள் மட்டும் "பெரியம்மா, இந்த ஸ்டூல் ஏன் சுத்துது? கண்ணு பாக்கறதுக்கு எதுக்குச் சுத்தணும்?" என்கிறாள். அவளுக்குக் கட்டடக்கலை படிக்க வேண்டும். ஏரிக்கரையில் இருக்கிற அந்தக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும். வேறு எதையும் இந்தப் பெண் இத்தனை ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வகுப்புக்கு முப்பது பேரைத்தான் எடுக்கிறார்கள். பெரியம்மாவே இந்தத் தொழிலில் இருக்கும்போது அவளுக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வாலு கட்டுரை எழுதி வந்தாள். தலைப்பு: எனக்குப் பிடிக்காத கதவுகள்.

அவள் அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடையின் கதவில் இழுக்கச் சொல்லுகிற மாதிரி ஒரு கைப்பிடி. ஆனால் தள்ளினால்தான் திறக்கும். "தள்ளவும்" என்று காகிதம் ஒட்டியும் எல்லோரும் இழுக்கிறார்கள். இழுப்பவர்கள் முட்டாள்கள் இல்லை, கைப்பிடிதான் பொய் சொல்கிறது என்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு கதவு திறந்ததும் படி. போன வருடம் அதில் கணக்கு வாத்தியார் தடுக்கிப் பறந்ததை ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறாள். பிறகு ஆஸ்பத்திரிக் கழிவறைக் கதவு. அது உள்பக்கமாகத் திறக்கிறது, உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியே நிற்பவர் என்ன செய்வார் என்று ஒரே ஒரு வரி. உடனே அங்கிருந்து தாவி அத்தனை கதவையும் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

படிக்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன். கணக்கு வாத்தியார் பத்தியை இரண்டு தடவை படித்தேன். படித்து முடித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இது அப்ளிகேஷன் இல்ல, அரட்டை. இதுல நீ எங்க இருக்க?" என்று கேட்டேன்.

"எல்லாக் கதவுலயும் நான்தானே பெரியம்மா நிக்கறேன்?"

பதிலைப் பார். நான் பேனாவை எடுத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

இத்தனை கதவும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாதா என்ன. மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை வீட்டுக்காரர் குளியலறையில் மயங்கி விழுந்தார். தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கவில்லை. ஆனால் உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அவர் அதன் மேலேயே விழுந்து கிடந்தார். அம்மாவும் பெண்ணும் தள்ளத் தள்ளக் கதவு அவரைத்தான் இடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைப் பெயர்த்தெடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதை எழுது என்று இன்று அவளிடம் சொன்னேன். தனியாக உட்காரவைத்து, முடிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னேன்.

"அது வேற, இது வேற பெரியம்மா."

"வேற இல்லம்மா. அதுதான் இதுக்கு வேர்."

"அப்பாவ இதுல இழுக்க வேணாமே."

இழுப்பது இல்லை, அவருக்கு மரியாதை செய்வது என்றேன். உன் அப்பாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்றுதானே நீ கட்டடம் கட்டப்போகிறாய் என்றேன். இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு கணக்கு வாத்தியார் விழுந்ததைப் பற்றி எழுதுகிறாயே என்றும் சொல்லிவிட்டேன். அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அம்மாகிட்ட கேக்கணும்" என்றாள்.

"இப்பவே சொல்லாத. படிச்சா அழுவா. சீட் கிடைச்சதும் நானே சொல்றேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

எழுதி வந்துவிட்டாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஜன்னல் இல்லை, வாத்தியார் இல்லை. என் பதினைந்து வருட அனுபவத்தில் இப்படி ஒரு விழு பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. கலங்கிய கையோடு இரண்டு இடத்தில் வரி மாற்றினேன். "தள்ளினோம்" என்பதை "தள்ளினேன்" ஆக்கினேன். தங்கை அங்கே நின்றது கதைக்குக் கொஞ்சம் கூட்டமாக இருந்தது.

செப்டம்பர் 27, சனி

எழு சரியாகிவிட்டது. கைகொடுதான் இடித்தது. அப்பா இறந்தார், கட்டடம் பிடித்தது — சரி, யாருக்கு என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை. பதினேழு வயதுப் பெண் என்ன செய்வாள்? பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடு, உள்ளே திறக்கிற கதவுகளை வெளியே திறக்கும்படி மாற்றச் சொல் என்று ஏற்பாடு செய்தேன். தலைமை ஆசிரியைக்கு நானே போன் போட்டேன். இன்று ஒரு கதவைத் திருப்பி மாட்டினார்களாம். வாலு பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவும் வந்துவிட்டது.

"எந்தக் கதவு?" என்று கேட்டேன்.

"சாக்பீஸ் வைக்கற ரூம் பெரியம்மா. அதுக்குள்ள ஆளே நிக்க முடியாது. மயங்கணும்னா வெளிய வந்துதான் மயங்கணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

நேர்காணல் பயிற்சி. வாலுவுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதைக் கேட்டாலும் வேறு எங்கோ ஆரம்பித்துச் சுற்றி வளைத்துத்தான் பதிலுக்கு வருவாள். ஏன் கட்டடக்கலை என்றால் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பிப்பாள். அதை ஒடித்துக்கொண்டிருக்கிறேன். "நேரா விழுவுக்கு வா" என்று மேஜையைத் தட்டுவேன். இன்று தட்டவே வேண்டியிருக்கவில்லை. அப்பாவைச் சொல்லும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணைத் தாழ்த்த வேண்டும், எல்லாம் படிந்துவிட்டது.

கீழே வந்ததும் கணவர் சொன்னார், "நான் கண்ணுக்குத்தான் நம்பர் மாத்தறேன். நீ ஆளையே மாத்தற." பொழுதுபோகாமல் பேசுகிறார்.

நவம்பர் 8, சனி

நேர்காணல் முடிந்தது. என் பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரே காலையில், ஒரே அறையில், ஒரே குழு முன்னால். வக்கீல் வீட்டுப் பையன் முதலில், மேடை பயத்தைத் தன் விழுவாக எழுதிய பெண் அடுத்து, வாலு கடைசி. மூன்று பேரையும் நானே காரில் அழைத்துப்போனேன். ஏரிப் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்து காத்திருந்தேன். நல்ல காற்று. மூன்று மாத உழைப்பு முடிந்தது என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

வக்கீல் வீட்டுப் பையன் துள்ளிக்கொண்டு வந்தான். மேடை பயம் பெண் சுமார் என்றாள். வாலு வெளியே வந்து, "நல்லா போச்சு" என்றாள். திரும்பி வரும்போது பின்சீட்டில் தூங்கிவிட்டாள். களைப்பு.

நவம்பர் 9, ஞாயிறு

போன் செய்தேன். தலைவலி என்று எடுக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

தங்கை வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, மருந்துக்கடை மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தாள். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவள் யாரையும் பார்க்கவில்லை; பலகையைப் பார்த்தாள்.

"அவர் செத்ததுக்கு மூணு படி வச்சியா அக்கா?"

பிள்ளைகளைக் கீழே அனுப்பினேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். நான்கு நாள் வாய் திறக்காமல் இருந்த பெண் நேற்றுத்தான் சொல்லியிருக்கிறாள்.

குழுவின் தலைவி, நரைத்த தலை, கட்டடக் கலைஞர், நல்லவிதமாகத்தான் பேசினாராம். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டிருக்கிறார். இவள் பழகியபடி ஆரம்பித்திருக்கிறாள். என் அப்பா குளியலறையில் விழுந்தார், கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, நான் தள்ளினேன் — இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். இவள் நிறுத்தினாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, களைத்துப்போய், "அதிலிருந்து நீ ஒன்று கற்றுக்கொண்டாய். இப்போது மற்றவர்களுக்கு உதவுகிறாய். அப்படித்தானே?" என்று கேட்டாராம். அந்தக் காலையில் முட்டியைக் கேட்டுவிட்டார், மேடை பயத்தைக் கேட்டுவிட்டார். மூன்றாவதாக என் தங்கை வீட்டுக்காரர்.

வாலு "ஆமா" என்றிருக்கிறாள்.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல" என்றிருக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் தங்கை. "நானும்தான தள்ளினேன். அதுல என்னையே எடுத்துட்டியாமே."

அவளுக்காகத்தான் செய்தேன், நம்ம பொண்ணுக்காகத்தான் செய்தேன் என்று என்னவோ உளறினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இனிமே அவ இங்க வரமாட்டா. மத்த காலேஜ் எதுக்கும் நீ எழுத வேணாம்." படியிறங்கும்போது என் கணவர் கீழேயிருந்து கூப்பிட்டார், நிற்காமல் போய்விட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

ஆமான்னு சொல்லியிருக்கா. அந்த ஒரு வார்த்தைதான் போட்டு அறுக்குது. அவ எதுக்கும் ஆமான்னு சொல்ற பொண்ணே இல்லையே. ஸ்டூல் ஏன் சுத்துதுன்னு கேட்ட பொண்ணு. அப்பா செத்ததை ஒருத்தங்க இதானேன்னு முடிச்சு வச்சா, ஆமாங்கறா. நான் தட்டித் தட்டி — நேரா வா, நேரா வான்னு —

ஒரே அச்சில் மூன்று பேரை ஒரே அறைக்கு அனுப்பினேனே. தொழில் தெரிந்தவள் செய்கிற காரியமா இது? காரில் அழைத்துக்கொண்டு போகும்போதாவது தோன்றவேண்டாமா? அங்கே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குக் காது இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

இதுவும் பொய். தொழில் பிசகியதற்கா நான் அழுகிறேன்? மூன்று பேரும் வேறு வேறு நாளில் போயிருந்தால், அவளுக்கு இடமும் கிடைத்திருந்தால், நான் இதைத் தப்பு என்றே நினைத்திருக்க மாட்டேன். தங்கைக்கு இனிப்புப் பெட்டியோடு சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 12, வெள்ளி

முடிவு வந்தது. வக்கீல் வீட்டுப் பையனுக்குக் கிடைத்துவிட்டது. மேடை பயம் பெண்ணுக்கு இல்லை. வாலுவுக்கு இல்லை.

தங்கைக்குப் போன் செய்தேன். "பாத்துட்டோம்" என்றாள். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. வாலு இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கா, வைக்கறேன் என்றாள். வைத்துவிட்டாள்.

டிசம்பர் 20, சனி

வக்கீல் மனைவி ஊர் பூராவும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார் போலிருக்கிறது. இன்று மட்டும் நான்கு அம்மாக்கள் மாடியேறி வந்தார்கள். எல்லோருக்கும் அதே மூன்று படிதான் வேண்டுமாம். பலகையில் அதை நான் அழித்து ஒரு மாதம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்தவனிடம் உனக்குப் பிடித்ததை, பிடித்த மாதிரி எழுது என்று சொல்லியிருந்தேன். அவன் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மத்த பசங்களுக்கு மட்டும் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எங்க பையன்னா அவ்ளோ எளக்காரமா மேடம்?"

சொல்லிக்கொடுத்தேன். அந்த அம்மா முன்னாலேயே பலகையில் எழுதினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன். அந்த அம்மா போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரி 11, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். கணவர் போக வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. கதவைத் திறந்தது வாலுதான்.

"வாங்க பெரியம்மா."

வாங்க! பிறந்ததிலிருந்து என்னை வா போ என்று பேசுகிறவள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்றால் நன்றாக இருக்கிறேன் என்றாள். படிக்கிறாயா என்றால் படிக்கிறேன் என்றாள். கேட்ட கேள்விக்கு நேரான பதில், ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. நான் பயிற்சி கொடுத்தபோது இப்படி ஒரு நாளாவது பேசமாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன். இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்டேனா தெரியவில்லை. அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னது தப்பு என்றேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, "நானும்தான எழுதினேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எழுந்து வருவது சுலபமாக இருந்திருக்கும்.

வாசல் வரை தங்கை வந்தாள். "அவளே ஏதோ ரெண்டு மூணு எடத்துக்கு அப்ளிகேஷன் போடறா. என்கிட்டயும் காட்டல. நீ கேக்காத." கேட்கமாட்டேன் என்றேன். "அவ முன்னாடியெல்லாம் பேசிக்கிட்டே இருப்பா, வாய மூடுன்னு நான்தான் திட்டுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 24, சனி

பள்ளி அரங்கத்தில் கல்லூரிகளின் அறிமுகக் கூட்டம். வருடா வருடம் போவேன். நாலு பேரைப் பார்த்து நாலு வார்த்தை பேசி வைத்துக்கொள்வது தொழிலுக்கு நல்லது. ஏரிக்கரைக் கல்லூரி மேஜையில் நரைத்த தலை ஒன்று. கழுத்து அட்டையைப் பார்க்குமுன்பே தெரிந்துவிட்டது.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். கால் அந்தப் பக்கம்தான் போயிற்று. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா மரியாதையாக எழுந்து நின்றார். "உங்க ஸ்டூடண்ட்ஸா? எல்லாரும் ரொம்ப நல்லாத் தயாராகி வராங்க" என்றார். புன்னகையில் விஷமம் எதுவும் இல்லை. இருந்திருக்கலாம்.

நவம்பரில் வந்த பெண், அப்பா குளியலறையில் இறந்தது என்று சொன்னேன். யோசித்தார். நினைவு வந்ததும் முகம் மாறியது. "ஆமா. அன்னிக்கு நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். அப்புறம் எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா வேற எதுவும் பேச மாட்டேன்னுட்டாளே அந்தப் பொண்ணு."

நான் கதவுக் கட்டுரையைச் சொன்னேன். எதற்கு இப்போது சொல்கிறேன் என்று தெரியாமலேயே சொன்னேன். பொய் சொல்லும் கைப்பிடி, படியில் பறந்த கணக்கு வாத்தியார், ஆஸ்பத்திரிக் கதவு, அங்கிருந்து ஜன்னல். அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். வரிசையில் நின்ற பெற்றோர் பின்னால் செருமினார்கள்.

"இதை ஏன் அவ எங்ககிட்ட சொல்லல?"

"நான்தான் வேணாம்னேன்."

இந்த வருடம் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மட்டும் சொன்னார். நான் அதைக் கேட்க வரவில்லை என்றேன். பிறகு எதற்காகத்தான் போனேன்? யாராவது ஒருவர் முகத்தில் அடித்தாற்போல ஏதாவது சொல்லமாட்டாரா என்றுதான் போயிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையைத் தேடினேன். கோடு கோடாக அடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது அலமாரி முழுக்கக் கலைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

கணவருக்கு இருமல். மருந்து வாங்கத் தங்கை கடைக்கே போயிருக்கிறார். "கதவ இழுத்துட்டேன்" என்றார் வந்ததும். வாலு எப்படி இருக்கிறாளாம் என்று கேட்டேன். "கேட்டேன். இருக்காளாம்" என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி

அடுத்த வருடத்துக்கு இப்போதே பதினெட்டுப் பேர். வகுப்பை இரண்டாகப் பிரிக்கவேண்டியதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். பாதிப் பேருக்குக் கோபம். மீதிப் பேருக்கு என் மவுசு இன்னும் ஏறிவிட்டது; கிடைக்காத இடம்தானே பெரிய இடம். நான் எதைச் செய்தாலும் வியாபாரமாகத்தான் முடிகிறது.

சேர்த்துக்கொண்ட ஒன்பது பேரிடம் ஒன்று செய்கிறேன். முதல் நாள் ஒருவர் பேசும்போது நான் மேஜையில் கை வைப்பதில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தாலும் சரி, எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று பார்க்கிறேன். சிலர் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. அதையும் கேட்கிறேன். பாதியில் கை துறுதுறுக்கிறது.

இதைத் தங்கையிடம் சொல்லவேண்டும் போல இருக்கிறது. சொன்னால் கேட்டுவிட்டு, "இத எங்க பொண்ணுகிட்ட செஞ்சிருக்கலாமே" என்பாள். வேறு என்ன சொல்வாள்?

மே 6, புதன்

மருந்துக்கடைப் பக்கம் போனேன். எதிர்ப்புறமே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். தங்கை மட்டும் இருந்தாள். அவள் முடியும் நரைக்க ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 11, வியாழன்

சாயந்தரம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் விளக்கை அணைத்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் வாலுவின் குரல் கேட்டது.

கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறாள். புது பிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் போல. "பெரியப்பா, இந்த முகம் பாக்கற கண்ணாடிய இவ்ளோ உயரத்துல யாரு மாட்டினா? ஒரு சின்னப் புள்ள வந்தா அதுக்கு அதோட நெத்திகூடத் தெரியாது. அம்மா சொல்றதத்தான் நம்பணும், நல்லாருக்கு நல்லாருக்குன்னு. அதான் எல்லாப் புள்ளைங்களும் புடிக்காத கண்ணாடியப் போட்டுக்கிட்டு அழுதுட்டே ஸ்கூலுக்கு வருது. எங்க கிளாஸ்ல ஒருத்தி இருந்தா —" அந்த ஒருத்தியிலிருந்து எங்கெங்கோ போனாள். பள்ளிக்கூட வேனுக்குப் போனாள், வேன் டிரைவரின் கூலிங் கிளாசுக்குப் போனாள். அவர் சிரித்து இருமினார். நடுவில், "ஞாயித்துக்கிழமை கெளம்பறேன் பெரியப்பா. ஹாஸ்டல் திங்கக்கிழமைதான் தொறக்கறாங்களாம்" என்றாள்.

எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று அவர் கேட்டார். சொன்னாள். சின்னக் கல்லூரி. என் பட்டியலில் நான் ஒருபோதும் சேர்க்காதது. கட்டடக்கலைதான் என்றாள். இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று கேட்டார். "ஒரு கேள்விதான் கேட்டாங்க. நான் பேசி முடிக்கறதுக்குள்ள அவங்களுக்கு சாப்பாட்டு நேரம் வந்துருச்சு" என்றாள்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, செருப்புச் சத்தம் வராமல்.

"பெரியம்மா மேலதான் இருக்கா. போய்ப் பாத்துட்டு வந்துரு" என்றார் அவர்.

பிரேமை மடித்து மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொரு நாள் பெரியப்பா."

அவர் வற்புறுத்தவில்லை. அவள் உடனே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மறுபடி ஆரம்பித்தாள், பிரேமின் மூக்குப் பிடி ஏன் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கிறது என்று. ஐந்து படி இறங்கினால் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். இறங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு, வாங்க பெரியம்மா என்பாள். அதனால் இறங்கவில்லை. கடை ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே இருந்தேன்.

ஜூன் 12, வெள்ளி

காலையில் காபியோடு கடைக்குப் போனேன். அவர் சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி, இடுப்பு உயரத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, திடீர்னு?"

"ஒரு கஸ்டமர் சொன்னாங்க. சின்னப் பசங்களுக்கு எட்டலையாம்."

"நல்ல கஸ்டமர்தான்."

"ம்." என்னைப் பார்க்காமலே டிரில்லை எடுத்தார். "கொஞ்சம் புடிச்சுக்கோ, நேரா இருக்கான்னு பாரு."

பிடித்துக்கொண்டேன். அவர் கேட்கும்போதெல்லாம் ஸ்குரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.